சர்ஃப் கிடாரில் நான் கண்டுபிடித்த மாயாமாளவகௌளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ராகம் மொத்தம் ஒன்று.

ஒன்பது வயதில் ஈரோட்டில் மூன்று மாதம் பாட்டு வகுப்புக்குப் போனேன். சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசை தொடங்கும் நேரத்தில் டீச்சரின் கணவருக்கு வெளியூர் ட்ரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. (டீச்சர் மனுப்போட்டு வாங்கிய ட்ரான்ஸ்ஃபர் என்று என் அக்கா இன்றும் சொல்வாள்.) ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே என் சங்கீத ஞானம் அதில் தொடங்கி அதிலேயே முடிந்தது. ஒரே ஒரு ராகம் தெரிந்தவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எதைக் கேட்டாலும் ஐந்து விநாடியில் ராகத்தைச் சொல்லிவிடலாம். லிஃப்ட் மணி மாயாமாளவகௌளை. ஃபேக்ஸ் மிஷின் மாயாமாளவகௌளை. எதிர்வீட்டு நாய் ஊளையிட்டால் அது கொஞ்சம் சுருதி விலகிய மாயாமாளவகௌளை.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் ஒரு பெண்மணிக்கு வரவேண்டியது வந்து சேர்ந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியின் ஐசலினில் ஒரு அபார்ட்மெண்டில் நானும் சரவணனும் குடியிருந்தோம். இருவருக்கும் ஒரே கன்சல்டிங் கம்பெனி, ஒரே கார். சரவணன் சென்னைக்காரன். சனி, ஞாயிறு என்றால் தூங்குவான். நான் எதையாவது புதிதாகப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நிற்பேன். ஒரு மாதம் ரொட்டி சுடுவது. ஒரு மாதம் டெலஸ்கோப். ஒரு மாதம் ஸ்பானிஷ் மொழி (அதில் ‘நன்றி’ மட்டும் மிஞ்சியது). அந்தக் குளிர்காலத்தில் பிடித்தது சர்ஃப் ராக்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுகளில் அமெரிக்கக் கடற்கரைப் பையன்கள் அலைச்சறுக்குப் பலகையோடு சேர்த்துக் கொண்டாடிய கிடார் இசை அது. கிடார் தந்தியை மேலும் கீழுமாகப் படபடவென்று மீட்டுவார்கள். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலிக்கும். பல பாட்டுகளில் பாடுவதற்கு ஆளே இருக்காது. ஒரு கல்லூரி ரேடியோவில் இதைக் கேட்டேன். அடுத்த வாரமே பழைய சாமான் சந்தையில் ஒரு கேசட் வாங்கிவந்தேன். அதில் மூன்றாவது பாட்டு ‘சால்ட்வாட்டர் ஸ்ட்ரீட்’.

அந்தக் காலத்தில் அது பெரிய ஹிட். இரண்டரை நிமிடம். தொடங்கியவுடன் முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது எனக்கு.

"இன்னாடா இது, பாடவே மாட்றானுங்க?" என்றான் சரவணன், போர்வைக்குள்ளிருந்து.

"பாட வேண்டியதில்லடா. அலை எந்திரிச்சு வர்ற மாதிரி இல்ல?"

"லாண்ட்ரில துணி சுத்துற மாதிரி இருக்கு. வால்யூமைக் கம்மி பண்ணு."

நான் கூட்டினேன். கூட்டியபோதுதான் அது நடந்தது. ஸ, ரி, க, ம. ஒவ்வொரு ஸ்வரமும் என் காதில் வந்து வணக்கம் சொன்னது. மாயாமாளவகௌளை! இந்தமுறை சந்தேகமே இல்லை. (இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் நான் ராகத்தைச் சரியாகச் சொன்னேன். வினையும் அதனால்தான் வந்தது.)

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. அதன் அடியில் இருக்கும் குப்பை அரைக்கும் மிஷினில் சரவணன் முருங்கைக்காய்ச் சக்கையைப் போட்டிருந்தான். அபார்ட்மெண்டின் ரிப்பேர் வேலைகளைப் பார்ப்பவர் வால்ட் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், எப்போதும் நீல ஜாக்கெட். அவர் சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலைபார்த்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. என் டேப் ரெக்கார்டரில் ‘சால்ட்வாட்டர் ஸ்ட்ரீட்’ ஓடியது. கால்களில் ஒன்று தாளம் போட ஆரம்பித்தது.

பாட்டு முடிந்ததும் சிங்க்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"கடைசி இடத்துல கிடார் கொஞ்சம் முந்திக்குது. பதினேழு வயசு. அப்ப எல்லாத்துலயும் அவசரம்."

(அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். என் காதில் விழுந்தமாதிரி தமிழில் தருகிறேன்.)

"யாருக்குப் பதினேழு வயசு?"

"எனக்குத்தான்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வால்ட் வெளியே வந்தார். கையில் கொத்தாக முருங்கை நார்.

"இது என்ன, கயிறா? எதுக்கு இதுக்குள்ள கயிறு போட்டீங்க?"

"அதை விடுங்க! நீங்களா வாசிச்சது? நெஜமாவா?"

நிஜம்தான். நியூஜெர்சியில் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் பேட்டர்சன் ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்த குழு அது. நாலு பேரில் ஒருவன்கூட அலையில் சறுக்கியதில்லை. வால்ட்டுக்கு நீந்தவே தெரியாது. ஒரு பாட்டு ஓடியது, அடுத்தது ஓடவில்லை, குழு கலைந்தது. அவர் பைப் ரிப்பேருக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பாட்டுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, கிட்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. ("கிட்" என்றுதான் கடைசிவரை என்னைக் கூப்பிட்டார்.) "அந்த ட்யூன் இருக்கு பாரு, அது முதல்ல—"

"தெரியும்! எனக்குத் தெரியும்! அது மாயாமாளவகௌளை!"

"அது யாரு?"

அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சரளி வரிசை பாடிக்காட்டினேன். மனிதர் மரியாதையாகக் கேட்டார். இடையில் இரண்டுமுறை வாயைத் திறந்தார். இரண்டுமுறையும் நான் மேல்ஸ்தாயிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று ரிப்பேர் ஆகிக்கொண்டே இருந்தது. (வாரம் ஒரு திருகாணியை நானே கழற்றிவைத்தேன் என்பதைச் சரவணன் கண்டுபிடித்துவிட்டான்.) வால்ட் வருவார். நான் காபி போடுவேன். "அந்தக் கதையைச் சொல்றேன்னேனே" என்று அவர் ஆரம்பிப்பார். நான் நடுவில் பாய்ந்து என் சித்தாந்தத்தைச் சொல்வேன். சித்தாந்தம் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ராகம் ஒன்றாக இருக்கிறது என்றால் அது எப்படி வந்தது? யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். யார்? ஒரு மாலுமி! எதை? ஒரு நாதஸ்வர இசைத்தட்டை! எங்கிருந்து? தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து! ஆதாரம்? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா வந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில், பிப்ரவரி கடைசி சனிக்கிழமை. (தையில் ஹால் கிடைக்காது. அமெரிக்காவில் சூரியனும் எங்கள் சௌகரியத்தைப் பார்த்துத்தான் வடக்கே திரும்பும்.) சங்கத்தின் செயலாளர் காந்திமதி ஆன்ட்டி ஒரு மயக்க மருந்து டாக்டர். ஆஸ்பத்திரியில் ஆளைத் தூங்கவைப்பார், சங்கத்தில் ஒருவரையும் தூங்கவிட மாட்டார். போனில் பிடித்தேன்.

"பொங்கல் விழாவுக்கு எதுக்குத் தம்பி வெள்ளைக்காரரு?"

"ஆன்ட்டி, அவரோட பாட்டு நம்ம ராகம் ஆன்ட்டி."

மறுமுனையில் சுருதியே மாறிவிட்டது. "அப்படியா! அப்ப பொன்னாடை போத்தணுமே! சரி, உனக்கு அஞ்சு நிமிஷம், அவரை அறிமுகம் பண்ணு. அவருக்கு இருபது நிமிஷம், வாசிக்கட்டும். ஹால் அஞ்சு மணி வரைக்கும்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

வால்ட்டிடம் சொன்னேன். அவர் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். திருகுவது நின்றது.

"மேடையா? மைக் இருக்குமா?"

"இருக்கும்."

"எத்தனை பேரு வருவாங்க?"

"ஐந்நூறு பேராவது வருவாங்க."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என்னை முப்பது வருஷமா யாரும் எங்கயும் கூப்பிட்டதில்ல, கிட். என் தங்கச்சி ரீட்டாவையும் கூட்டிட்டு வரலாமா? அவளை மேடைல ஏத்தணும். சொல்ல வேண்டியதை அத்தனை பேரு முன்னாடி சொல்லணும். அவ கேக்கறமாதிரி சொல்லணும்."

"தாராளமா!" என்றேன். உடனே என் மனம் போன இடம், சாப்பாட்டு டோக்கன் ஒன்று கூடுதலாக வாங்க வேண்டும் என்பது. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

விழா அழைப்பிதழில் ‘சரியாக இரண்டு மணிக்கு’ என்று போட்டிருந்தது. தமிழ் தெரிந்த யாரும் அதை நம்பவில்லை. ஒன்று நாற்பதுக்கு வந்துவிட்டவர்கள் வால்ட்டும் ரீட்டாவும் மட்டும்தான். ரீட்டாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். கருநீலப் பட்டு பிளவுஸ், புதிது. கழுத்துப் பக்கம் விலைச்சீட்டின் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வால்ட் ஒரு கையில் கிடாரும் மறு கையில் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றும் வைத்திருந்தார். பெட்டி ஏதோ ஆம்ப்ளிஃபயர் என்று நினைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று மேடைக்குப் பின்னால் கொண்டுபோய், சர்க்கரைப் பொங்கல் அண்டாக்களுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

விழா மூன்று பத்துக்குத் தொடங்கியது. வரவேற்புரை. தலைமையுரை. வாழ்த்துரை. குழந்தைகள் நடனம் பதினொன்று. (ஏழுதான் நிகழ்ச்சிநிரலில் இருந்தது. மிச்சம் நாலு பேருடைய அம்மாக்களும் அலங்காரம் செய்தே கூட்டிவந்துவிட்டார்கள்.) நடுவில் தட்டுகளில் பொங்கலும் வடையும் வந்தன. ரீட்டா மூன்று வடை சாப்பிட்டார். ஒவ்வொரு நடனத்துக்கும் கை தட்டினார். இடையிடையே மேடைக்குப் பின்பக்கம் எட்டிப்பார்த்து, தொடையில் விரல்களை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார். குளிருக்கு விரல் விறைத்திருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

நாலேகாலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். படியேறும்போது காந்திமதி ஆன்ட்டி என் கோட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம்."

"கண்டிப்பா ஆன்ட்டி."

ஆன்ட்டி போய் முன்வரிசையில் ரீட்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

நான் ஐந்து நிமிடத்தில் இறங்கத்தான் நினைத்தேன். ஆனால் கையில் ட்ரான்ஸ்பரன்சி தாள்கள் இருந்தன. ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர் இருந்தது. முதல் தாளில் ஸ்வரங்களை எழுதியிருந்தேன். தலைகீழாக வைத்தேன், சிரித்தார்கள். சரியாக வைத்தேன், கைதட்டினார்கள். அடடா, இது நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. டேப்பைப் போட்டேன். ஒரு வரி நாதஸ்வரம், ஒரு வரி ‘சால்ட்வாட்டர் ஸ்ட்ரீட்’. ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒரு மாமா எழுந்து நின்று, "அதே! அதே!" என்றார். அதற்கு அடுத்து என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை.

மூன்றாவது தாளில் உலக வரைபடம். தூத்துக்குடியிலிருந்து நியூஜெர்சிக்கு ஒரு சிவப்பு அம்பு. அம்புக்குக் கைதட்டல் கிடைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு குடும்பம் விசில் அடித்தார்கள். மாலுமிக்கு ஒரு பெயர்கூட வைத்தேன். (அந்தோணிசாமி. மேடையில், அந்த நொடியில் பிறந்தவர்.)

அப்போது கீழிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்னொன்று வந்தது. அதற்கும் கும்பிட்டேன். 

பிறகு அதைச் சொன்னேன். அந்த வாக்கியங்கள் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. மறக்காதா என்று பார்க்கிறேன்.

"அன்பர்களே, திருடினார்கள் என்று சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பாட்டு இவர்கள் போட்டதல்ல. இது நம்முடையது!"

ஹால் அதிர்ந்தது. அந்த ஆரவாரத்தில் ரீட்டாவும் சிரித்தபடி கைதட்டினார், தமிழ் புரியாமல். பிறகு காந்திமதி ஆன்ட்டி பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டிருப்பார். ஆன்ட்டி டாக்டர், எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவர். அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்.

மேடையிலிருந்து பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ரீட்டா கோபப்படவில்லை. ஒரு கையை இன்னொரு கைக்குள் வைத்து மடியில் இறக்கிக்கொண்டார். அவ்வளவுதான். வால்ட் அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். ரீட்டா தலையை ஆட்டினார். பிறகு இருவரும் நேராக என்னைப் பார்த்தார்கள். பார்த்தும் நான் நிறுத்தவில்லை. நாலாவது தாள் இருந்தது. அதை வைக்கும்போது மூன்றாவது சீட்டு வந்தது, அதற்கு நெஞ்சில் கையே வைத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து நான் வால்ட்டை மேடைக்கு அழைத்தபோது, பள்ளிக்கூடத்தைப் பூட்டும் ஆள் கதவருகே சாவிக்கொத்தோடு வந்து நின்றுவிட்டார். தேசிய கீதம் பாட வேண்டிய குழந்தைகளை யாரோ மேடை ஓரத்தில் ஏற்கெனவே வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்கள். வாசிக்க நேரமில்லை. காந்திமதி ஆன்ட்டி ஓடிவந்து பொன்னாடையைப் போர்த்தினார். சிவப்புப் பட்டு, அகலமான ஜரிகை. வால்ட் கீழே பார்த்துக் கையை நீட்டினார். ரீட்டா வரமாட்டேன் என்றார். வால்ட் நீட்டிய கையை மடக்கவில்லை. ரீட்டா எழுந்து வந்தார்.

நான் மைக்கைக் கொடுத்தேன். வால்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். 

"இது என் தங்கச்சி ரீட்டா" என்றார்.

சபை அன்போடு கைதட்டியது. குடும்பத்தை அறிமுகம் செய்கிறார் என்று நினைத்தார்கள். அந்தக் கைதட்டலை யாரோ சைகை என்று எடுத்துக்கொண்டு கீபோர்டில் கையை வைத்துவிட, குழந்தைகள் அமெரிக்க தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

தேசிய கீதத்தை யார் நிறுத்த முடியும்? ஐந்நூறு பேர் எழுந்து நின்றோம். தோளில் பொன்னாடையோடு, நெஞ்சில் கை வைத்து, வால்ட் அசையாமல் நின்றார். பக்கத்தில் ரீட்டாவும் அப்படியே. அது முடிந்தவுடன் நம் தேசிய கீதம். அதுவும் முடிந்தபோது விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்தன. ஐந்நூறு பேரும் தங்கள் கோட்டையும் குழந்தையையும் காலிப் பாத்திரத்தையும் தேடி ஓடினார்கள். மைக்கைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கறுப்புப் பெட்டி நினைவுக்கு வர, அண்டாக்களைத் தாண்டிப் போய் எடுத்தேன். நல்ல கனம். ஒரு பக்கம் முழுக்கப் பாகு ஒட்டியிருந்தது. தூக்கியபோது உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ஆம்ப்ளிஃபயர் மூச்சுவிடாது. 

பார்க்கிங்கில் ரீட்டா காரில் உட்கார்ந்திருந்தார். வால்ட் என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார்.

"பாத்து. உன்னைவிட வயசு ஜாஸ்தி இதுக்கு."

"என்ன அது?"

"அக்கார்டியன்."

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். பனியில் நின்றபடி, நாலு வாக்கியத்தில். "நாங்க ஒரு சிரியாக்காரம்மா பேக்கரிக்கு மேல குடியிருந்தோம், அந்தம்மா மாவு பிசையறப்ப அவங்க ஊர்ப் பாட்டு பாடுவாங்க. அந்த ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு ரீட்டா பன்னெண்டு வயசுல அக்கார்டியன்ல சொந்தமா ஒரு ட்யூன் போட்டா, அதை நான் கிடார்ல வேகமா வாசிச்சேன். பன்னெண்டு வயசுப் பொண்ணு அக்கார்டியன்ல போட்ட சர்ஃப் பாட்டுன்னா எவன் வாங்குவான்னு ரெக்கார்ட் கம்பெனிக்காரன் கேட்டான், என் பேரை மட்டும் போட்டான். நான் வாயைத் திறக்கல, கிட், பதினேழு வயசு, எனக்கு என் பேரைப் பார்த்தா போதும்னு இருந்தது."

அவர் கையிலிருந்த பெட்டியின் பாகை என் கோட்டுக் கையால் துடைத்தேன். 

"ஏன்... ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க விட்டே?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே கேட்பதுபோல் கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தேன். ரீட்டா கண்ணாடியை இறக்கினார். மன்னிப்புக் கேட்டேன். உளறினேன் என்பதுதான் சரி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுவுல ஓட்டை இருந்துதே, அந்தப் பலகாரம் ரொம்ப நல்லா இருந்தது" என்றார். பிறகு, "உங்க மாலுமி எந்த வருஷம் வந்தாரு?" என்றார். கேலியா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தோணிசாமி என்று ஒருவரே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

வால்ட் கதவைத் திறந்து, தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து ரீட்டாவின் தோளில் சுற்றினார். ரீட்டா அதை வேண்டாம் என்று தள்ளினார். அவர் மறுபடி சுற்றினார். கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். பைக்குள்ளிருந்த துண்டுச்சீட்டுகளைச் சரவணன்தான் எடுத்துப் படித்தான்.

"‘முடிக்கவும்.’ அடுத்தது, ‘விருந்தினர் காத்திருக்கிறார், முடிக்கவும்.’ அடுத்தது, ‘தம்பி, அந்த அம்மா அழுகிறார்.’" சீட்டுகளை மேஜையில் வைத்தான். "இதுக்காடா மேடைல நெஞ்சுல கை வெச்சே?"

எப்போதும் என்னைக் கிழிப்பவன், அன்றைக்குக் காபி போட்டுக் கொடுத்தான். அதுதான் ரொம்ப வலித்தது.

சரிசெய்ய முயற்சி செய்தேன். சித்திரை விழாவுக்கு அவர்களைக் கூப்பிடலாம் என்று காந்திமதி ஆன்ட்டியே முன்வந்தார். "அவ வர மாட்டா, கிட். ஒருதடவை வர வைக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றார் வால்ட். பிறகு சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். ராகத்தில் தொடங்கி, என் தப்பைச் சொல்லி, கடைசியில் ரீட்டாவின் கதை. மலர் வந்தது. ஒரு நகைக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வந்ததால், இடம் போதாமல் கட்டுரையைக் கொஞ்சம் சுருக்கியிருந்தார்கள். ராகம் முழுசாக இருந்தது. சிவப்பு அம்பு கலரிலேயே வந்திருந்தது. ரீட்டா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒட்டியாணம் இருந்தது. அந்த மலரை வால்ட்டிடம் காட்டும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் எதுவும் ரிப்பேர் ஆகவில்லை. உண்மையாக ரிப்பேர் ஆனபோதும் நானே கையைக் கிழித்துக்கொண்டு சரிசெய்தேன். இரண்டு வருடத்தில் ப்ராஜெக்ட் மாறி டெக்ஸாஸுக்கு வந்துவிட்டேன். கிளம்பும் அன்று அவரைத் தேடினேன். வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று தெரியவில்லை.

இப்போது அங்கேயே ஆலன் என்ற ஊரில் வீடு, மனைவி, மகள். என் கல்யாண வரவேற்பில் சரவணன் இந்தக் கதையை மேடையேறிச் சொல்லிவிட்டான், துண்டுச்சீட்டுகளை நடித்துக்காட்டி. (அழுத சீட்டை மட்டும் விட்டுவிட்டான். நல்லவன்.) அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்து மூன்று நிமிடம் தாண்டினால், என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே சொல்வாள்:

"போதுங்க. ரீட்டாவுக்கு டைம் விடுங்க."

மகளுக்கு நாக்கில் தமிழ் குறைவு, ஆனால் இது ஆங்கிலத்தில் நன்றாக வரும். "டாட், டைம் ஃபார் ரீட்டா" என்பாள். போனில் பேசும் அக்காவும் ஈரோட்டிலிருந்து இதையே சொல்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நொடி தாமதமாக.

போன மாதம் மகளின் சிநேகிதி ஒருத்தி சாப்பிட வந்திருந்தாள். வழக்கம்போல் நான் எதையோ நீட்டினேன், வழக்கம்போல் சட்டம் பாய்ந்தது. அந்தப் பெண் கேட்டாள், ரீட்டா யார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்:

"யாரும் இல்ல. அது சும்மா ஒரு ரூல். அப்பா ஜாஸ்தி பேசினா சொல்றது."

மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் அதற்குமேல் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இத்தனை வருடமாக என் வீட்டில் தினமும் அடிபடும் பெயர். அதில் என்னுடைய அசட்டுத்தனம் இருக்கிறது, நாற்பது நிமிடம் இருக்கிறது, துண்டுச்சீட்டு இருக்கிறது. அந்தப் பாட்டு இல்லை. ஜோக்கிலும் நான்தான் மேடையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆகவே, இந்த முறை எந்த நகைக்கடையும் வருவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். ‘சால்ட்வாட்டர் ஸ்ட்ரீட்’ பாட்டைப் போட்டவர் ரீட்டா. வயது பன்னிரண்டு. வாத்தியம், அக்கார்டியன்.